உழச் சொன்னது நான்தான்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒரு மணித்தியாலம் பேசும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். "களைப்புல்லைப் பற்றிப் பேசுங்க மிஸ், உங்களுக்குத்தான் அதில் அனுபவம் அதிகம்" என்றார்கள். பேசத் தொடங்கினால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். எந்தப் புல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கையேட்டில் இருக்கிறது. நான் சொல்வதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. கையேட்டில் இருப்பது தெரிந்திருந்தும் ஒரு குடும்பத்துக்குத் தவறாக வழிகாட்டியதைத்தான் நான் எழுதப்போகிறேன்.

விவசாயப் போதனாசிரியராக நான் செய்த முதல் தவறு சிரிப்பில் முடிந்தது. வேலைக்கு வந்த முதல் வருடம், பதுளைக்குக் கிழக்கே ஒரு வயலில் முப்பது பேரை வரம்பில் நிற்க வைத்து, நெல்லுக்குள் முளைத்திருக்கும் நெற்சப்பி என்ற களையை எப்படி அடையாளம் காண்பது என்று காட்டினேன். இரண்டும் இளசில் ஒன்று போலவே இருக்கும். "இதோ பாருங்கள்" என்று நான் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டதில் பாதி நெல். வயல்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், கொஞ்சம் நெல்லும் மிச்சம் வைங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிடுங்கியதை அவர்களே திரும்ப நட்டார்கள். அந்த மாதிரித் தவறுகளுக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். எல்லார் கண் முன்னாலும் நடந்த தவறு அன்றைக்கே சரியாகிவிடுகிறது.

மற்றது வேறு மாதிரி.

லுணுகலை வீதியிலிருந்து பள்ளத்தில் இறங்கும் பாதையோரம் அந்தோனிசாமிக்கும் ரோசலினுக்கும் மூன்று ஏக்கர் காணி இருந்தது. மேட்டில் சோளமும் போஞ்சியும், அடியில் வாய்க்காலோரம் இரண்டு தட்டு வயல். அந்தோனிசாமியின் அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை முடித்து விலகியபோது கிடைத்த பணத்தைக் கொண்டு வாங்கிய காணி. புருஷன், பெண்சாதி இருவருமே ஸ்பிரிங்வெளிப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, பெரட்டில் பேர் கொடுத்து வேலை செய்தவர்கள். விடியற்காலையில் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்பார்கள். அந்தப் பக்கத்து ஆட்களில் தோட்டத்தை விட்டுச் சொந்தக் காணிக்கு வந்த குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் பதுளை டவுனில் வளர்ந்தவள். எங்கள் அப்பா ஒரு தோட்டத்து மருந்தகத்தில் வேலை செய்தார். அதனால் அந்த மூன்று ஏக்கர் அவர்களுக்கு என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் தடவை போனபோது ரோசலின் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இங்க வேலை கூடத்தான் மிஸ். ஆனா மழ பெஞ்சா நானே முடிவு பண்ணி உக்காந்துக்கிறேன். யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

அந்தோனிசாமி அதிகம் பேசமாட்டார். சொன்னதைச் செய்வார். என் பகுதியில் நான் கொடுத்த குறிப்புகளை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்த விவசாயி அவர் ஒருவர்தான். அதை நான் பெருமையாக வெளியிலும் சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் காணியின் நுழைவாயிலில், ஒரு சின்ன ஊற்றுப் பக்கம், வீடு கட்டும் அளவு இடத்தில் ஒரு புல் நின்றது. சிங்களத்தில் எட்டோரா என்பார்கள். தோட்டத்து ஆட்களும் அப்படியே சொல்வார்கள். மேலே பார்த்தால் சாதாரணப் புல். மாடு ஆசையாகத் தின்னும். தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். மண்ணுக்குள் இஞ்சி மாதிரி கணுக்கணுவாகக் கிழங்கு வேர் ஓடியிருக்கும். ஒவ்வொரு கணுவும் ஒரு புல். மண்வெட்டியால் ஒரு வேரை எட்டுத் துண்டாக்கினால் எட்டு இடத்தில் முளைக்கும்.

அந்த வருடம் பெரும்போக மழை பிந்தியது. ஐப்பசியின் முதல் பாதி முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு ஒரே நாளில் எல்லாம் சேர்ந்து வந்தது. அடுத்த வாரம் கனமழை என்று வானிலை அறிவிப்பு. விதைச் சோளம் அலுவலகத்துக்கு வந்து இறங்கியிருந்தது. எத்தனை ஏக்கர் விதைக்கப்பட்டது என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் மேலே அறிவிக்க வேண்டும். அந்தப் பாதையில் இறங்கத் துணிந்த ஒரே டிராக்டர்காரர் வியாழக்கிழமை காலை வந்தார். அடுத்த நாள் அவர் பிபிலைக்குப் போகவேண்டும். புல் மருந்துக்குத் தடை இருந்த காலம் அது. கடையில் எதுவும் வாங்க முடியாது.

டிராக்டர் நுழைவாயிலில் நின்றது. புல் நின்ற இடத்தைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஒவ்வொரு சால் முடிவிலும் அங்கேதான் திரும்பவும் வேண்டும். வேறு வழியில்லை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு.

ரோசலின் டிராக்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ், இதுக்குள்ள மெசினை விடாதீங்க. நான் தோட்டத்துல ஆறு வருஷம் புல்லு வெட்டுற குரூப்ல இருந்தவ. இது வெட்டுப்பட்டா காடு முழுக்கப் போயிரும். முள்ளால குத்திக் கெளப்பித்தான் எடுக்கணும்."

முள்ளு என்பது நாலு பல் வைத்த இரும்புக் கருவி. தேயிலைக்கு இடையில் மண்ணைக் குத்தி இளக்குவதற்குத் தோட்டத்தில் பாவிப்பார்கள்.

"எத்தனை நாளாகும்?" என்று கேட்டேன்.

"இவரும் நானும்னா ரெண்டு கிழமை."

டிராக்டர்காரர் இறங்காமலே சொன்னார், "ரெண்டு கிழமை கழிச்சு நான் இந்தப் பக்கம் வரமாட்டேன். இப்ப வேணாம்னா சொல்லுங்க, போறேன்."

அந்தோனிசாமி என்னைப் பார்த்தார். "மிஸ் சொல்றபடி செய்வோம்" என்றார்.

ரோசலின் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனால் இரண்டு வாரம் போனால் மழையில் விதைக்க முடியாது, போகமே போய்விடும் என்பதும் உண்மைதான். அன்றைக்கு ஒரு கட்டுப்பாட்டுக்குள் இருந்த புல்லையும், கையை விட்டுப் போகப்போகிற மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மழை பெரிதாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அறிக்கையும் மனதில் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. அரை ஏக்கரை மட்டும் மண்வெட்டியால் கொத்தி விதைத்துவிட்டு, மிச்சத்தை அந்தப் போகம் சும்மா விட்டிருக்கலாம். அது எனக்கு அன்றைக்கு இரவே தோன்றியது. காலையில் தோன்றவில்லை.

"உழுங்க. முளைச்சு வந்தா கையால பிடுங்கிக்கலாம்" என்றேன்.

ரோசலின் ஒரு பக்கமாக விலகி நின்றாள்.

மூன்று வாரத்தில் அவளிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை. சோளம் நாலு இலையில் நின்றது. அதற்கிடையில் டிராக்டர் போன வழியெல்லாம், கயிறு பிடித்து நட்ட மாதிரி நேர் வரிசையில் எட்டோரா. சோளத்தைவிட அதுதான் வரிசையாக இருந்தது.

பிடுங்கினார்கள். மண்வெட்டி போட்டால் இன்னும் பெருகும் என்பதால் உட்கார்ந்து கையால் பிடுங்கினார்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு வருவதற்குள் தொடங்கிய இடம் திரும்பப் பச்சையாகிவிடும். மூன்று சுற்று முடித்தார்கள். அந்தோனிசாமியின் விரல்களில் தோல் வெடித்து, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடிப்பார்.

ஒரு நாள் நான் போனபோது வீட்டுக்குப் பின்னால் உரப்பைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் போத்தல் இருந்தது. லேபல் இல்லை. மூடியைத் திறக்காமலே வாடை வந்தது.

"இது என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மிஸ். ஒருத்தர் குடுத்தாரு."

எங்கேயோ இருந்து களவாக வந்த மருந்து என்று தெரியும். என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடிக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பிறகு என்ன செய்வது என்று கேட்பார். என்னிடம் பதில் இல்லை. அதோடு, ஒருவேளை அது புல்லைக் கொன்றுவிட்டால் என் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கும் என்றும் நினைத்தேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ரோசலின் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். மருந்து அடிக்கும்போது காற்று திரும்பி முகத்தில் அடித்திருக்கிறது. நான் போனபோது அந்தோனிசாமியின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக் கிடந்தன. வார்டில் என் குரலைக் கேட்டு எழுந்து உட்காரப் பார்த்தார்.

"சோளம் எப்படி இருக்குன்னு பாத்தீங்களா மிஸ்?" என்றுதான் கேட்டார்.

சோளம் கருகிப்போயிருந்தது. புல்லும் கருகியது. இருபது நாளில் புல் மட்டும் திரும்ப வந்தது. அவருடைய இடது கண் சரியானது. வலது கண்ணில் மங்கல் அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ரோசலின் யாரிடமும் கேட்கவில்லை. தோட்டத்திலிருந்த தன் அக்காவிடம் ஒரு முள்ளு வாங்கி வந்து, மேட்டின் உச்சியில் தொடங்கி, தனியாகக் குத்த ஆரம்பித்தாள். கண் கொஞ்சம் தெளிந்ததும் அந்தோனிசாமியும் சேர்ந்துகொண்டார். நானும் சனிக்கிழமைகளில் போனேன். அலுவலகத்துக்குத் தெரியாது. எனக்கு முள்ளுப் பிடிக்கவும் தெரியாது.

"குத்தி இழுக்காதீங்க மிஸ், அறுந்துபோவுது பாருங்க. குத்திட்டுக் காலால மிதிச்சு, அப்படியே தூக்குங்க. முழுசா வரும்."

முழுசாக வரும்போது ஒரு கை நீளத்துக்கு வரும், வெள்ளையும் மஞ்சளுமாக. ஒரு பக்கெட் நிறைய ஒரு மணித்தியாலம். வேரையெல்லாம் வாய்க்காலுக்கு மேலே ஒரு பாறையில் குவித்துக் காயப்போட்டோம். நன்றாகக் காய்ந்தால்தான் எரியும். இரண்டு மாதத்தில் கால் ஏக்கர் சுத்தமானது. அந்தக் கால் ஏக்கரின் மண் கறுப்பாக, ஒரு பச்சைப் பொட்டு இல்லாமல் கிடந்தது. ரோசலின் அதில் போஞ்சி போட்டாள். பந்தலுக்குக் கம்பு நட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "இப்படியே போனா மூணு வருஷத்துல முடிச்சிருவோம் மிஸ்" என்றாள். மூன்று வருஷம் என்று அவள் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் ஐந்து என்று நினைத்திருந்தேன்.

மாசியில் காலம் தவறி மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. பாறையில் இன்னும் முழுதாகக் காயாமல் இருந்த வேர்க்குவியலை அள்ளி வாய்க்காலில் போட்டுவிட்டது. வாய்க்கால் அதைக் கொண்டுபோய்க் கீழே இருந்த பதினொரு வயல்களில் பங்கு வைத்தது.

கீழ் வயல்கள் எல்லாம் சிங்கள விவசாயிகளுடையவை. கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தோனிசாமி வீடு கட்டியபோது சீமெந்து மூட்டை தூக்கிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் வரம்போரம் எட்டோரா முளைத்ததைப் பார்த்ததும் பயந்துவிட்டார்கள். பயப்பட வேண்டிய விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விவசாயச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். என்னையும் என் மேலதிகாரியையும் அழைத்திருந்தார்கள்.

ஒருவர் ஈர வேர்க்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து தலைவரின் மேசையில் வைத்தார். மேசை முழுவதும் சேறானது. "இந்தப் புல் இருக்கும் இடத்தில் டிராக்டர் விட்டிருக்கிறான்" என்றார் சிங்களத்தில். "சின்னப் பிள்ளைக்கும் தெரியும் விடக்கூடாது என்று." பின்னாலிருந்து இன்னொருவர், "தோட்டத்து ஆட்களுக்கு மண் வேலை என்ன தெரியும்? கொழுந்து பறிக்கத்தான் தெரியும்" என்றார். தலைவர் அவரை அமர்த்தினார். நேர்மையான மனிதர். அந்தோனிசாமியைப் பார்த்துக் கேட்டார்:

"டிராக்டர் விடும்போது இந்தப் புல் இருப்பது உங்களுக்குத் தெரியாதா? யாரிடமாவது ஆலோசனை கேட்டீர்களா?"

அந்தோனிசாமி எழுந்து நின்றார். மங்கலான கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார்.

அந்த நேரம் என் தலைக்குள் என்ன ஓடியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இதே மாதிரித்தான் ஓடும். இந்த ஊரில் நான் ஒரு தமிழ் உத்தியோகத்தர். நான்தான் சொன்னேன் என்றால், தமிழருக்காகப் பழியை ஏற்கிறாள் என்று நினைப்பார்கள். அல்லது இனி என் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். என்னை மாற்றிவிட்டால் அடுத்து வருகிறவருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம், தோட்டத்துப் பக்கத்துக் குடும்பங்கள் யாரிடம் போவார்கள்? ஒவ்வொன்றும் நியாயமான காரணம். இன்றைக்கும் அவற்றில் ஒன்றைக்கூடப் பொய் என்று சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு இவ்வளவு நல்ல காரணங்கள் ஒரே நிமிடத்தில் வரிசையாக வந்து நின்றால், உங்களை நீங்களே சந்தேகப்படுங்கள்.

நான் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லவில்லை" என்றார் அந்தோனிசாமி, தன் உடைந்த சிங்களத்தில். "என் தவறுதான். தெரியாமல் செய்துவிட்டேன்."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ரோசலினை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

காணி முழுவதும் சுத்தமாகும்வரை வாய்க்காலிலிருந்து அவர்கள் வயலுக்குத் தண்ணீர் விடும் மடையை மூடி வைப்பது என்று முடிவெடுத்தார்கள். வேர் மிதந்து வருவதைத் தடுக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. திரும்பி வரும் வழியில், ஜீப்புக்குள் என் மேலதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்லவேளை, நம்ம பக்கம் ஒன்றும் வரவில்லை."

அன்றைக்கே திரும்பிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. ஒவ்வொரு நாளும் அதைச் சொல்வது முதல் நாளைவிடக் கடினமாகிக்கொண்டே போனது. சனிக்கிழமைகளில் போவதையும் நிறுத்திவிட்டேன். வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன்.

சிறுபோகத்தில் இரண்டு தட்டு வயலும் வெடித்தன. போஞ்சிக்கு ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். பங்குனி வெயிலில் ஊற்றும் சுண்டியது. கால் ஏக்கரைச் சுற்றி நாலு பக்கமும் புல் நின்றது. அது திரும்ப உள்ளே வருவதற்குத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை.

வைகாசியில் அவர்கள் கிளம்பினார்கள். அந்தோனிசாமி எல்லவில் ஒரு ஹோட்டலுக்குத் துணி துவைக்கப் போனார். வெள்ளைக்காரர்கள் படுத்தெழும்பிய விரிப்புகள். ஒரு கண் மங்கலாக இருப்பவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. ரோசலின் ஸ்பிரிங்வெளிப் பக்கம் அக்காவின் லய அறைக்குப் போய், திரும்பத் தோட்டத்தில் பேர் பதிந்தாள். நான் கேள்விப்பட்டது ஒரு பஸ்ஸில், வேறு யாரோ பேசிக்கொண்டிருந்ததை வைத்துத்தான்.

பிறகு நான் இன்னும் பல வருடம் வேலை செய்தேன். நல்ல பேர் எடுத்தேன். அந்தச் சங்கத்திலும் எத்தனையோ கூட்டங்களுக்குப் போனேன். அந்த மேசைக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் கைப்பையிலிருந்து பேனாவை வெளியே எடுக்கமாட்டேன்.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம் சங்கத்துக்குப் போனேன். இப்போது தலைவர் வேறொருவர், இளைஞர். எனக்கு இரண்டு நிமிடம் தரும்படி கேட்டேன். எழுந்து நின்று சொன்னேன்: அந்தக் காணியில் புல் இருப்பது தெரிந்தே டிராக்டரை விடச் சொன்னது நான். அவருடைய மனைவி வேண்டாம் என்று சொன்னாள். அவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார்.

பின்னாலிருந்து ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "எந்தக் காணி?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "மாடு மேய்க்கிறோமே, அந்தப் புல்லுக் காணி" என்று பதில் வந்தது. தலைவர் மரியாதையாக, "நன்றி மிஸ், குறித்துக்கொள்கிறோம்" என்றார். செயலாளர் ஒரு வரி எழுதினார். அடுத்த விஷயம் பன்றி வேலி. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மேசையில் வேரைக் கொண்டுவந்து வைத்தவர் இறந்து மூன்று வருடமாம்.

அதற்கடுத்த கிழமை ரோசலினைத் தேடிப் போனேன். மத்தியானம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவள்தான் முதலில் என்னை அடையாளம் கண்டாள். முடி நரைத்திருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"மிஸ், நடந்தா வந்தீங்க? இந்த வெயில்ல?"

அந்தோனிசாமியைப் பற்றிக் கேட்டேன். இன்னும் எல்லவில்தான் இருக்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார் என்றாள். இப்போது இரண்டு கண்ணும் சரியில்லை, விரிப்பைக் கையால் தடவித்தான் கறை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறாராம்.

சங்கத்தில் சொன்னதைச் சொன்னேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அதையும் சொன்னேன்.

அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"அவரு ஒங்க மேல கோவப்படவே இல்ல மிஸ். மிஸ் சொல்லியிருந்தா மட்டும் தண்ணி விட்டிருப்பாங்களான்னு கேப்பாரு."

"நீங்க?"

"நான் ஒங்க மேல கோவப்பட்டேன். ரொம்ப நாள். பெறகு அது என் மேலயே திரும்பிருச்சு."

"உங்க மேல எதுக்கு?"

"மெசினை விடாதீங்கன்னு நான் ஒரு தடவதான சொன்னேன். நீங்க உழுங்கன்னு சொன்னதும் வெலகி நின்னுட்டேன். படுத்துக் கெடந்திருக்கணும் மிஸ், டிராக்டருக்கு முன்னால. எனக்குத் தெரியுமே அந்தப் புல்லப் பத்தி. தெரிஞ்சிருந்தும் படிச்சவங்க சொல்றாங்கன்னு வாய மூடிட்டேன். மூணு ஏக்கரையும் நான்தான் வுட்டேன்னு இருக்கும். வேல செய்யும்போது அதே நெனப்புத்தான்."

"அது உங்க தப்பில்ல ரோசலின்."

"தெரியும் மிஸ்" என்றாள். "தெரிஞ்சாலும் வருது."

நிறுப்பவர் அவள் பேரைக் கூப்பிட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் வீதிக்கு இறங்கி பஸ்ஸுக்கு நின்றேன். என் பங்குத் தவறை அவளிடம் ஒப்படைத்து மன்னிப்பு வாங்கிக்கொண்டு வரலாம் என்று போயிருந்தேன். அவள் அதை எப்போதோ எடுத்துத் தன்னுடையதாக வைத்துக்கொண்டிருக்கிறாள். திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

நாளைக்கு நீங்கள் ஒரு காணிக்குப் போவீர்கள். மழை நெருங்கி வரும், டிராக்டர் காத்துக்கொண்டு நிற்கும், அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே ஒருத்தி வேண்டாம் என்று ஒரு தடவை சொல்வாள். இரண்டாவது தடவை சொல்லமாட்டாள்.